இந்தோனேசியா போர்டு வாங்கலாமா? சிவகாசியிலிருந்து ஒரு மதிப்புரை

எங்கள் அச்சகத்தில் பெட்டி வேலைதான் பிரதானம். ஸ்வீட் கடைப் பெட்டி, மருந்துப் பெட்டி, ஊதுபத்தி பாக்கெட், ஜவுளிக்கடைப் பெட்டி என்று வருஷம் முழுக்க ஓடும். காலண்டரும் டைரியும் சீசனுக்கு வந்து போகும். ஆகவே மாதாமாதம் நான் அதிகம் பணம் போடுவது அச்சு மைக்கோ அச்சுத் தகட்டுக்கோ இல்லை, போர்டுக்குத்தான், அதாவது பெட்டி செய்யும் கனத்த காகித அட்டைக்கு. அந்த போர்டில் நல்ல பங்கு சில வருஷமாக இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. இதை நம்பி வாங்கலாமா, எந்த வேலைக்கு வாங்கலாம், உள்ளூர் மில் சரக்கை விட்டுவிடலாமா என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பதிலை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். சுருக்கமாகக் கேட்டால், போர்டு நல்ல போர்டு; ஆனால் அதன் விலையை நம்பி வருஷக் கணக்குப் போடாதீர்கள்.

முதலில் சரக்கு. நான் சொல்வது எஃப்பிபி (ஃபோல்டிங் பாக்ஸ் போர்டு) என்று கேட்டு வாங்கும் ரகம். மேலே வெள்ளைக் கோட்டிங், அதன் கீழே வெளுத்த ரசாயனக் கூழ், நடுவில் மரத்தை அரைத்து எடுத்த பருமனான கூழ், அடியில் மறுபடி ஒரு வெளுத்த அடுக்கு. பழைய காகிதம் கலக்காமல் புது மரக்கூழிலேயே செய்தது. பட்டாசுப் பெட்டிக்குப் போடும், பின்பக்கம் சாம்பல் நிறமான கிரே பேக் டியூப்ளக்ஸ் வேறு சாதி. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

பேலட் (ஷீட்டுகளை அடுக்கிக் கட்டிய கட்டு) வந்து இறங்கியதும் நான் செய்வது இதுதான். நடுவிலிருந்து ஒரு ஷீட்டை உருவி, பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில் ஒரு துண்டு வெட்டி, நகை எடை போடும் சின்னத் தராசில் வைப்பேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடைக்கணக்கு; 280 ஜிஎஸ்எம் என்றால் இந்தத் துண்டு 2.8 கிராம் காட்ட வேண்டும். அப்புறம் அதே ஷீட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் பருமன் அளக்கும் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்ப்பேன். நல்ல லாட்டாக (ஒரே தடவையில் வந்த சரக்காக) இருந்தால் 430 மைக்ரானுக்கு, அதாவது 0.43 மில்லிமீட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கும், மூலைக்கு மூலை தள்ளாடாது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரக்கின் அருமை தெரியும். எடை குறைவு, பருமன் கூடுதல். போர்டின் விறைப்பு எடையைவிடப் பருமனைத்தான் அதிகம் பொறுத்தது. நாங்கள் முன்பு 300 ஜிஎஸ்எம்மில் அடித்த பெட்டியை இந்தப் போர்டில் 280லேயே அடிக்க முடிகிறது; கையில் எடுத்துப் பார்க்கும் கடைக்காரருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இதில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். ஒரு டன் 300 ஜிஎஸ்எம் போர்டில் 3,333 சதுர மீட்டர் கிடைக்கும். அதே ஒரு டன் 280ல் 3,571. டன்னுக்கு 238 சதுர மீட்டர் கூடுதல். பெட்டிக்குக் கால் சதுர மீட்டர் போகும் வேலை என்றால், கழிவைக் கணக்கில் எடுக்காமல், 950 பெட்டி அதிகம். போர்டை நாம் எடைக்கு வாங்குகிறோம், பெட்டியை எண்ணிக்கைக்கு விற்கிறோம். ஆகவே டன்னுக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், மகிழ்ச்சிப்படுவதற்கு முன் மைக்ரோமீட்டரை எடுங்கள். குறைந்த விலை போர்டு மெலிசாக இருந்தால் ஆயிரம் ரூபாயும் போய்விடும்.

மெஷினில் ஏற்றினால் இன்னும் சுகம். வெட்டுமுனையில் தூசி உதிர்வது குறைவு, பிளாங்கெட்டில் (மையைக் காகிதத்துக்கு மாற்றும் ரப்பர் விரிப்பில்) பஞ்சு படிவதும் குறைவு. எங்கள் மெஷின்மேன் சொல்வது: “அக்கா, இதுல ஓட்டினா பிளாங்கெட் கழுவுற வேலை பாதியாக் கொறையுதுக்கா. சிவப்பு சாலிட் போட்டாலும் திட்டுத்திட்டா இல்லாம உக்காருது.” அவர் சொல்வது சரிதான். ஸ்வீட் கடைக்காரர்களுக்குப் பிடித்த அந்த அடர்ந்த சிவப்பும் தங்கமும் கோட்டிங் சீராக இருந்தால்தான் எடுபடும். இதில் எடுபடுகிறது. யூவி வார்னிஷ் போட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளாமல் மேலேயே நின்று மின்னும்.

குறைகளும் உண்டு. பெரிய குறை ஈரம். சுமத்ராவிலோ ஜாவாவிலோ கடல்காற்றும் மழையுமான ஊரில் கட்டிய பேலட், சிவகாசிச் சித்திரை வெயிலில் வந்து திறந்தால் விளிம்பு வறண்டு இறுகும், நடு மட்டும் தளர்ந்து நிற்கும், ஷீட் கிண்ணம் மாதிரி குழியும். அப்படியே ஏற்றினால் ஷீட்டை மெஷினுக்குள் தள்ளும் ஃபீடரில் இரண்டு ஷீட்டாகப் போகும், நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. ஐப்பசி கார்த்திகையில் தலைகீழ்; விளிம்பு ஈரத்தை இழுத்து அலை அலையாக நெளியும். உறையைப் பிரிக்காமல் மெஷின் ஹாலிலேயே ஒரு நாள் வைத்துவிட்டு, அச்சடிக்கும்போது மட்டும் பிரிப்பதுதான் வழி. பாதி ஓட்டி நிறுத்தினால் மீதியைத் திரும்பவும் சுற்றி மூடிவிட வேண்டும். உள்ளூர் போர்டிலும் இது உண்டுதான், ஆனால் இவ்வளவு இல்லை. மணப்பாறைப் பக்கத்து ஆலையிலிருந்து வரும் சரக்கு கிட்டத்தட்ட நம் காற்றிலேயே பிறந்தது.

இன்னொன்று, மடிப்பு. பருமன் கூடிய போர்டுக்குப் பழைய க்ரீசிங் ரூலையும் (மடிப்புக்கோடு அழுத்தும் பட்டை) பழைய சேனலையும் (அந்தப் பட்டை அழுத்தும் பள்ளம்) வைத்தே அடித்தால் மடிப்பில் கோட்டிங் வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். ஜிஎஸ்எம் குறைந்திருக்கிறதே என்று சேனலைக் குறுக்காதீர்கள். சேனல் அளவை முடிவு செய்வது பருமன்தான், எடை இல்லை. கிரெய்ன், அதாவது நாரின் ஓட்டம், எந்தப் பக்கம் போகிறது என்று பேலட் சீட்டில் போட்டிருப்பார்கள். நான் அதை நம்பாமல் ஒரு துண்டை நனைத்து எந்தப் பக்கம் சுருளுகிறது என்று பார்த்துக்கொள்வேன்.

கோளாறு வந்தால் கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது. ஒரு லாட் எடை குறைவாக வந்தது. சீட்டில் போட்ட ஜிஎஸ்எம்முக்கும் தராசு சொன்னதற்கும் இடைவெளி, தொழிலில் ஒத்துக்கொள்ளும் ஏற்றத்தாழ்வையும் தாண்டிவிட்டது. டீலரிடம் சொன்னேன். “மேடம், இம்போர்ட் சரக்குக்கு க்ளெய்ம் கஷ்டம். சாம்பிள் அனுப்பிப் பாக்கலாம்” என்றார். சாம்பிள் போனது. மின்னஞ்சலும் போனது. அந்தச் சரக்கில் அடித்த பெட்டிகளில் ஸ்வீட் போட்டு விற்று தீபாவளியும் முடிந்தது; பதில் வரவில்லை. உள்ளூர் மில் சரக்கில் கோளாறு என்றால் அந்த வாரமே மில்லின் டெக்னிக்கல் ஆள் பஸ் ஏறி வந்து மெஷின் பக்கத்தில் நின்று பார்ப்பார். கிரெடிட் நோட் (பணத்தைக் கழித்துக்கொள்ளும் சீட்டு) வாங்க நாமும் கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருக்கும், ஆனாலும் வாங்கிவிடலாம்.

சரி, விலைக்கு வருகிறேன். இந்தப் போர்டு ஏன் மலிவாக வருகிறது என்று தெரியாமல் வாங்கினால், ஏன் திடீரென்று விலை ஏறுகிறது என்றும் தெரியாமல் தவிப்போம்.

அங்கே இரண்டு பெரிய குழுமங்கள். சினார் மாஸ் என்ற இந்தோனேசிய நிறுவனக் கூட்டத்தைச் சேர்ந்த ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் ஒன்று. சுமத்ராவில் பெரவாங், ஜாவாவில் செராங், கரவாங், மொஜோகெர்த்தோ என்று மில்கள். தெற்கு சுமத்ராவில் ஓகேஐ என்ற பிரம்மாண்டமான கூழ் ஆலையும் அவர்களுடையது. இரண்டாவது, ரியாவ் மாகாணத்துப் பங்கலான் கெரிஞ்சியில் இருக்கும் ஏப்ரல் (APRIL) என்ற குழுமம். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கும் பேப்பர்ஒன் அவர்கள் தயாரிப்புதான். இவர்களும் இப்போது போர்டு மெஷின் போட்டுவிட்டார்கள். மரம் முழுக்க அகேஷியா, கொஞ்சம் யூகலிப்டஸ். நட்டு ஐந்து வருஷத்தில் வெட்டுகிறார்கள்.

அங்கே மரம் சீக்கிரம் வளர்கிறது, அதனால்தான் மலிவு என்று நம் ஆட்கள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கடலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், சவுக்கு மூன்று நான்கு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. வேகத்தில் நமக்குக் குறையில்லை. நிலம்தான் வேறு. இந்தோனேசியாவில் அரசின் வன நிலத்தை லட்சக்கணக்கான ஹெக்டேர் அளவில் கம்பெனிகள் உரிமம் பெற்று, ஒரே தோட்டமாக நட்டு, பக்கத்திலேயே மில்லையும் வைத்திருக்கிறார்கள். இங்கே 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கைப்படி, தொழிற்சாலை தனக்கு வேண்டிய மரத்தைக் கூடியவரை விவசாயிகளிடமிருந்துதான் பெற வேண்டும். மில்லுக்கு ஒரு டன் மரம் சேர்க்க ஒரு ஏக்கர்க்காரர், இரண்டு ஏக்கர்க்காரர் என்று பலரிடம் போக வேண்டும். அதே சவுக்கைக் கட்டடத்துச் சாரத்துக்கும் முட்டுக்கும் அதிக விலை கொடுத்து வாங்க ஆள் நிற்கும். நம் மில் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அந்த விவசாயியின் கைக்குப் போகிறது. எனக்கு அது தப்பாகப் படவில்லை. போர்டு டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இதுதான் என்று தெரிந்து வாங்குகிறேன்.

அமெரிக்கா இதையே வேறு மாதிரி பார்த்தது. அரசு நிலத்து மரத்தை மலிவாகக் கொடுப்பதும், மரக்கட்டை ஏற்றுமதியைத் தடுத்து உள்ளூர் விலையை அமுக்கி வைப்பதும் மானியமே என்று சொல்லி, 2010ல் இந்தோனேசியக் கோட்டிங் காகிதத்துக்கு எதிர்வரி போட்டது. இந்தோனேசியா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2017 டிசம்பரில் வந்த தீர்ப்பு அமெரிக்காவுக்குச் சாதகமாகவே இருந்தது.

காட்டைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. அந்தத் தோட்டங்களில் ஒரு பகுதி கரிநிலச் சதுப்பில், அதாவது மட்கிய செடிகொடிகளே மண்ணாகிப்போன ஈரநிலத்தில் இருக்கிறது. நீரை வடித்தால் அந்த மண் எளிதில் தீப்பற்றும். 2015ல் எரிந்த தீயின் புகை சிங்கப்பூரை மூடியபோது, அங்கே கடைகள் ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. அதற்கு முன்பே, 2007ல், காட்டைக் கெடுக்காமல் எடுத்த மரம் என்று சான்று தரும் உலக அமைப்பான எஃப்எஸ்சி அந்தக் குழுமத்துடனான உறவை முறித்திருந்தது. 2013 பிப்ரவரியில் இனி இயற்கைக் காட்டை அழிக்க மாட்டோம் என்று அவர்கள் கொள்கை அறிவித்தார்கள். உங்கள் வாடிக்கையாளர் ஏற்றுமதிக்காரராக இருந்து பெட்டியில் எஃப்எஸ்சி முத்திரை கேட்டால், ஆர்டர் எடுப்பதற்கு முன்பே டீலரிடம் அந்த லாட்டுக்கான சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். பிஇஎஃப்சி என்ற வேறொரு அமைப்பின் சான்றிதழைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றில்லை.

இனி வரி. இந்தியாவும் ஆசியான் நாடுகளும் (இந்தோனேசியா உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) பாங்காக்கில் 2009 ஆகஸ்டில் சரக்கு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இந்தோனேசியாவுக்கு அது 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. காகிதத்துக்கும் போர்டுக்கும் சாதாரணமாக 10 சதவீத சுங்க வரி. ஆசியான் சரக்குக்கு அது படிப்படியாகக் குறைந்து 2014 ஜனவரியில் பூஜ்ஜியமானது. தூத்துக்குடியில் இந்தோனேசியக் கன்டெய்னர் அடிக்கடி இறங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பூஜ்ஜிய வரி வேண்டுமென்றால், சரக்கின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஆசியான்–இந்திய நாடுகளுக்குள் உருவானது என்று பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். சொந்த மரம், சொந்தக் கூழ் வைத்திருக்கும் மில்லுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

உள்ளூர் மில்கள் சும்மா இருக்கவில்லை. 2018 டிசம்பரில் இந்தோனேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் ஜெராக்ஸ் பேப்பருக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி, அதாவது தன் நாட்டு விலையைவிட மலிவாக இங்கே கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி வந்தது. 2022 அக்டோபர் 1 முதல் காகித இறக்குமதிக் கண்காணிப்பு முறை வந்தது. 201 வகைச் சரக்குக்கு, கப்பல் வருவதற்கு 75 நாள் முதல் 5 நாள் முன்புக்குள் இணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய். இதனால் இறக்குமதி குறைந்ததா என்றால், இல்லை. 2022–23ல் சுமார் 14.3 லட்சம் டன்னாக இருந்த மொத்தக் காகித, போர்டு இறக்குமதி அடுத்த வருஷமே 19.3 லட்சம் டன்னைத் தொட்டது. 2024–25ல் 20 லட்சத்தையும் தாண்டிவிட்டது. இது எல்லா நாட்டையும் சேர்த்த கணக்கு. நம் தொழிலில் இருந்தவர்களுக்குப் புள்ளிவிவரம்கூடத் தேவையில்லை. அந்த இரண்டு வருஷமும் டீலர்களே போன் போட்டு “சரக்கு இருக்கு, எடுத்துக்கோங்க, பணம் மெதுவாத் தாங்க” என்றார்கள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் இதற்கு நேர்மாறாக இருந்தது. 2021ல் கன்டெய்னர் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாடகை எட்டாத உயரம். மலிவு போர்டு என்று நம்பியிருந்த பல அச்சகங்களில் மெஷின் நின்றது. அப்போது உள்ளூர் மில்கள் காப்பாற்றின என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவையும் மாதம் ஒரு விலை ஏற்றின. வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததால் சரக்கு அங்கேயும் போனது; 2021–22ல் இந்தியாவின் காகித ஏற்றுமதி 80 சதவீதம் கூடி 13,963 கோடி ரூபாய். அதுவரை கண்டிராத உச்சம் அது. அந்தச் சமயத்தில் கொஞ்சமாவது சரக்கு கிடைத்தது, வருஷக்கணக்காக உள்ளூர் மில்லிடம் மாதம் தவறாமல் வாங்கியவர்களுக்குத்தான். மில்லின் டெப்போவில் (விற்பனைக் கிடங்கில்) பேர் போட்டு வைத்திருந்தவர்களுக்கு முதலில், இறக்குமதி நின்றதும் ஓடிவந்தவர்களுக்குக் கடைசியில். இது நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

இறக்குமதியை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2022 மார்ச்சில் இலங்கையில் டாலர் இல்லாமல் காகிதம் வாங்க முடியாமல் போய், மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் 1956லிருந்து ஒரு காகித ஆலை இருந்த நாடு அது. வைக்கோலில் காகிதம் செய்த ஆலை. அதைச் சீராக ஓடவிட்டிருந்தால் பரீட்சைத் தாளுக்காவது வழியிருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. நம்மிடம் புகளூரில் கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் டிஎன்பிஎல் இருக்கிறது. 2016லிருந்து மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் வருஷத்துக்கு 2 லட்சம் டன் கொள்ளளவில் போர்டு ஆலையும் இருக்கிறது. பள்ளிபாளையத்தில் சேஷசாயி. தெலங்கானா பத்ராசலத்தில் ஐடிசி. இவை எல்லாம் நன்றாக ஓட வேண்டும் என்பது என் சொந்த நலனும்கூட.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு பெரிய முடிவெடுத்தது. புது மரக்கூழ் பல அடுக்கு போர்டுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை டன்னுக்கு 67,220 ரூபாய். அதற்குக் கீழே விலை போட்டு எந்த நாட்டிலிருந்தும் கொண்டுவர முடியாது என்று ஆனது. 2026 மார்ச் 31 வரை என்று அந்த அறிவிப்பில் கெடு போட்டிருந்தது. அடுத்த மாதமே ஜிஎஸ்டி மாறியது. செப்டம்பர் 22 முதல் போர்டுக்கு 12லிருந்து 18 சதவீதம். அட்டைப்பெட்டிக்கு 12லிருந்து 5. பெட்டி வாங்குகிறவருக்கு நல்ல செய்திதான். பெட்டி செய்கிறவரின் கணக்கை ஒரு டன்னுக்குப் போட்டுப் பாருங்கள். 67,220 ரூபாய் போர்டுக்கு 18 சதவீதம் என்றால் 12,100 ரூபாய் வரி முதலிலேயே போகிறது. அந்தப் போர்டைப் பெட்டியாக்கி ஒரு லட்சத்துக்கு விற்றால் வாங்கும் வரி 5,000. மீதி 7,100 ரூபாய் அரசிடம் நிற்கும். ரீஃபண்டுக்கு விண்ணப்பம் போட்டு வாங்கலாம், ஆனால் அதுவரை அந்தப் பணத்துக்கு வட்டி நாம்தான் கட்டுகிறோம். மாதம் பத்து டன் ஓட்டும் சின்ன அச்சகத்துக்கே எழுபதாயிரத்துக்கு மேல் முடங்கும்.

விலை வரம்பைப் பற்றி என் கருத்து இது. மில்லைக் காப்பாற்றுவது சரி. சவுக்கு போட்ட விவசாயியைக் காப்பாற்றுவது அதைவிடச் சரி. ஆனால் போர்டுக்கு மட்டும் வரம்பு போட்டு, அதே போர்டில் அச்சடித்து முடித்த பெட்டிக்குப் போடாமல் விட்டால், போர்டாக வர முடியாதது பெட்டியாக வரும். அப்போது மில்லுக்கும் லாபமில்லை, எங்களுக்கும் வேலையில்லை. ஆசியான் ஒப்பந்தத்தைத் திருத்திப் பேச 2023 ஆகஸ்டில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. அந்த மேஜையில் மில்காரர்கள் சார்பில் பேச வலுவான சங்கம் உண்டு. பெட்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சின்ன இடங்கள். எங்கள் கணக்கையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு நான் எப்படி வாங்குகிறேன் என்று சொல்கிறேன். மாதத் தேவையில் பாதிக்குச் சற்று அதிகமாக உள்ளூர் மில் சரக்கு, விலை எப்படி இருந்தாலும். மீதி இந்தோனேசியா. இந்தப் பங்கை விலை பார்த்து மாற்றுவதில்லை. இறக்குமதி மலிவாக இருக்கும் மாதங்களில் கையில் வந்த லாபத்தை விட்டுவிட்டதாக அண்ணாச்சிமார் சிலர் என்னிடம் சொல்வார்கள். 2021ல் அவர்கள் மெஷின் நின்றபோது என் மெஷின் ஓடியது.

வேலை வாரியாக என்றால், நெய் படும் ஸ்வீட் பெட்டிக்கும் அடர்ந்த நிறம் வேண்டிய ஜவுளிப் பெட்டிக்கும் இந்தோனேசியா எஃப்பிபி 280 அல்லது 300, தாராளமாகப் போடலாம். பெரிய அளவு, ஒரே ஓட்டம், திரும்ப வராத வேலை என்றால் இதுதான் லாபம். மருந்துப் பெட்டிக்கு வேண்டாம். அங்கே வருஷம் முழுக்க ஒரே நிறம், ஒரே பருமன் வேண்டும்; கம்பெனியின் தானியங்கி மெஷினில் பெட்டி தானாக விரிந்து நிற்க வேண்டும்; லாட் மாறினால் அவர்கள் லைன் நிற்கும். நான் அதற்கு ஒரே உள்ளூர் மில், ஒரே ரகம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஊதுபத்தி பாக்கெட்டுக்கு எது கையிருப்பில் இருக்கிறதோ அது.

தீபாவளிப் பெட்டிக்கு இந்தோனேசியா சரக்கு வேண்டுமானால் ஆனி மாதத்துக்குள் டீலரிடம் பேசி முடியுங்கள். ஆர்டர் போட்டுத் தூத்துக்குடியில் இறங்கி நம் குடோனுக்கு வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். வழியில் சிங்கப்பூரிலோ கொழும்பிலோ கன்டெய்னர் கப்பல் மாறுகிறது என்றால் இன்னும் தள்ளும். டீலரிடம் விலை கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கப்பலில் ஏற்றிய தேதி என்ன? இறக்குமதிப் பதிவு எண் வாங்கியாகிவிட்டதா? எடை குறைந்தால் யார் பொறுப்பு, எழுதித் தருவீர்களா? மூன்றாவதற்கு எழுத்தில் பதில் தருகிற டீலர் கிடைத்தால் டன்னுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தே வாங்குங்கள். எத்தனை நாள் கடன் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.